பேனருக்கு 300 டிபிஐ எதுக்கு?

சிம்போசியத்துக்கு முந்தின ராத்திரி, போட்டோஷாப் ஹேங் ஆகி ஸ்க்ரீனையே முறைச்சுட்டு உட்கார்ந்திருக்கீங்களா? நானும் உட்கார்ந்திருக்கேன். தப்பு லேப்டாப் மேல இல்ல, நம்ம கணக்குல.

10 அடிக்கு 6 அடி ஃப்ளெக்ஸை 300 டிபிஐ-ல போட்டா 36,000 × 21,600 பிக்சல். சிஎம்ஒய்கே-ல ஒரு முழு லேயரே சுமார் 3 ஜிபி! பிஎஸ்டி ஃபைலோ 30,000 பிக்சலுக்கு மேல அகலம் தாங்காது. அதே பேனர் 72 டிபிஐ-ல சுமார் 180 எம்பிதான். பத்தடி தள்ளி நின்னு பார்க்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. 300 என்பது கையில் பிடித்துப் படிக்கும் சான்றிதழுக்கும் புரோஷருக்கும்.

எழுத்தையும் லோகோவையும் மட்டும் பிக்சலாக்காம வெக்டராவே வைச்சு, பிடிஎஃப்-ஆ கொடுங்க, ஓரம் உடையாது.

புது ஃபைல் திறக்கும் முன் ஒரே கேள்வி: இதை எவ்வளவு தூரத்துல இருந்து பார்ப்பாங்க?