மாணவர் வெற்றியை நிறுக்கும் நிறைகோல்

நல்லாசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கினையும் உவமையாக வைத்தார் நன்னூல் செய்த பவணந்தி முனிவர். நிலத்தின் பொறுமையும், மலையின் உயர்வும், மலரின் இனிமையும் மேடைதோறும் எடுத்துப் பேசப்படுவன. நிறைகோலைப் பற்றிப் பேசுவார் சிலரே. ஒருபாற் சாயாது நடுநின்று, உள்ள நிறையை உள்ளவாறு காட்டுதல் ஆசிரியன் கடன் என்பது அவ்வுவமையின் பொருள். ஆண்டுதோறும் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் நாட்களில் எனக்கு இந்த நிறைகோலே நினைவுக்கு வருகின்றது. எங்கள் பிள்ளைகளின் வெற்றியை நாம் எதனால் நிறுக்கின்றோம்? அந்தக் கோல் நேரானதுதானா?

நுவரெலியாவிலிருந்து பதுளைக்குச் செல்லும் பெருவழியில், மரக்கறித் தோட்டங்களும் தேயிலை மலைகளும் மாறிமாறி வரும் வெலிமடைப் பகுதியிலே, தோட்டத்துப் பிள்ளைகள் பெருந்தொகையாகக் கற்கும் வித்தியாலயம் ஒன்றில் நான் தமிழாசிரியன். கீழைத்தேயக் கல்லூரி ஒன்றிலே இலக்கண இலக்கியங்களைக் கற்றுப் பண்டிதர் பட்டம் பெற்று இத்தொழிலுக்கு வந்தவன். வித்தியாலயத்தின் பெயரை ஈண்டுக் குறிக்கவில்லை. யான் கூறப்போவன இவ்வலயத்துத் தமிழ்ப் பாடசாலைகள் பலவற்றுக்கும் பொருந்துவன. ஒன்றின் பெயரைச் சொன்னால் அது விளம்பரமாய் முடியும்.

கொழுந்துத் தராசும் பெறுபேற்றுத் தாளும்

மலைநாட்டு வாசகர்க்குக் கொழுந்து நிறுவையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஏனையோர்க்காகச் சொல்கின்றேன். மலையிலே பறித்த கொழுந்தைப் பெண்கள் சுமந்துவந்து மடுவத்திலே தராசில் இடுவர். சாக்கின் பாரத்திற்கென்று சிறிது கழியும். இலையில் ஒட்டிய ஈரத்திற்கென்று மேலுஞ் சிறிது கழியும். கழித்தது போக எஞ்சியதே அவள் பறித்த நிறையாகக் கணக்கில் ஏறும். இக்கழிவைப் பற்றிய வழக்கு தோட்டங்களிலே மிகப் பழையது.

பெறுபேற்றுத் தாளில் இருப்பது வேறுவகைக் குறை. அங்கே கழிப்பார் ஒருவரும் இல்லை. ஆனாற் கூட்ட வேண்டியதைக் கூட்டுவாரும் இல்லை. மேட்டு லயத்திலிருந்து விடியலில் இறங்கி மழையில் நடந்து வந்த தூரம் அதில் ஏறுவதில்லை. தந்தை கொழும்பிலும் தாய் மலையிலும் உழைக்க, பாட்டியின் நிழலிலே வளர்ந்த தனிமை ஏறுவதில்லை. ஓர் அறைக்குள் ஆறுபேர் உறங்கும் வீட்டில், விளக்கை அணைக்கச் சொல்லும் வரையில் படித்த படிப்பும் ஏறுவதில்லை.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை எடுத்துக்கொள்வோம். இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள், மாவட்டத்துக்கும் மொழிக்கும் ஏற்ப வெட்டுப்புள்ளி. எங்கள் மாணவன் ஒருவன் வெட்டுப்புள்ளியை மூன்று புள்ளிகளால் தவறவிட்டான். இரண்டாந் தரத்தில் எழுத்துக்கூட்டவும் இயலாதிருந்தவன் அவன். அவன் வீட்டில் நாளிதழை முழுதும் வாசிக்கத் தெரிந்த முதலாள் அவனே. பெயர்ப்பலகையில் அவன் பெயர் இல்லை. ஆயின், எங்கள் பாடசாலையில் அவ்வாண்டு நிகழ்ந்த பெரிய வெற்றி எதுவென்று என்னைக் கேட்டால் நான் அவனையே காட்டுவேன்.

நன்னூலார் மாணாக்கரையும் வகுத்தார். அன்னமும் ஆவும் முதல் மாணாக்கர்; மண்ணும் கிளியும் இடை; இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியன கடை. கொள்ளுந் திறத்தால் அமைந்த நல்ல பாகுபாடு அது. ஆனால், பசியோடு வகுப்பில் அமர்ந்திருக்கும் அன்னம் சிலவேளை ஆடுபோலத் தோன்றும் என்பதை முப்பதாண்டு கற்பித்தவர் எவரும் அறிவர்.

பின்னே நிற்கும் வரலாறு

இப்பிள்ளைகள் எங்கிருந்து புறப்பட்டனர் என்பதை அறியாமல் எங்கு வந்து சேர்ந்தனர் என்பதை அளத்தல் இயலாது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், ஆறு முதற் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கிடைக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பைத் தோட்டத் துரைமார்மீது வைத்தது. பத்து வயதுக்கு மேலும் அப்பிள்ளைக்குக் கல்வி வேண்டுமென்று அச்சட்டம் கருதவில்லை. 1945ஆம் ஆண்டிலே கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி பிறந்தது. மத்திய கல்லூரிகளும் புலமைப்பரிசிலும் கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தன. அக்கதவு தோட்டத்துப் பிள்ளைக்குத் திறக்கவில்லை. தோட்டப் பாடசாலை தோட்ட நிருவாகத்தின் கையிலேயே இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1977ஆம் ஆண்டு முதற்கொண்டே தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் வரத் தொடங்கின.

ஏனைய பிள்ளைகள் 1945இல் ஏறத் தொடங்கிய படியில் எங்கள் பிள்ளைகள் 1977இலேதான் கால்வைத்தனர். இடையில் உள்ளவை முப்பத்திரண்டு ஆண்டுகள். ஒரு தலைமுறை முழுவதும் அவ்விடைவெளியில் அடங்கும். "தோட்டப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்று அந்நாளிற் பேசினார்கள். இன்றும் அங்கங்கே அப்பேச்சு எழுவதுண்டு. வெலிமடைக்கு அண்மையிலே திவுரும்பொல என்றோர் இடமுண்டு. சீதாபிராட்டி தீப்புகுந்து தன் தூய்மையை நிறுவிய தலம் என்று மக்கள் அதனைப் போற்றுகின்றனர். பிறருடைய ஐயத்தை நீக்குதற்பொருட்டுத் தீப்புகும் நிலை எங்கள் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பரீட்சை மண்டபத்திலும் நேர்கின்றது.

இவ்வாண்டின் வெற்றிகள்

பெருமைக்குரிய செய்திகளையும் சொல்லிவிடுகின்றேன். தமிழ் மொழித் தினப் போட்டி கோட்டம், வலயம், மாகாணம் என்று படிப்படியாக ஏறி அகில இலங்கை மட்டத்திற் சென்று முடிவது. பா ஓதலில் எங்கள் ஒன்பதாந் தர மாணவி ஒருத்தி மாகாண மட்டத்தில் முதலிடம் பெற்றாள். ஓசை பிறழாது பாடும் செவியை அவளுக்குத் தந்தவர் எவர் என்று விசாரித்தேன். தோட்டத்தில் எந்த வீட்டில் இழவு நேர்ந்தாலும் ஒப்பாரி சொல்ல அழைக்கப்படும் அவள் பாட்டியார்தாம் அவர். கட்டுரைப் போட்டியிலும் நாட்டார் பாடலிலும் வலய மட்டத்தில் எங்களுக்கு இடங்கள் கிடைத்தன.

நெடுந்தூர ஓட்டத்தில் மாணவன் ஒருவன் வலயத்தில் முதல்வனானான். எங்களுக்குச் சமதளமான மைதானம் இல்லை. தேயிலைச் சரிவின் குறுக்குப் பாதைகளே அவனுக்குப் பயிற்சிக்களம். பதினோராந் தரம் வரை எங்களிடம் கற்று, விஞ்ஞானப் பிரிவை நாடிப் பதுளைக்குச் சென்ற மாணவி ஒருத்திக்கு ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் இடங்கிடைத்துள்ளது. 2005இல் நிறுவப்பெற்ற அப்பல்கலைக்கழகத்திலே தேயிலைத் தொழினுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு உண்டு. அவள் அதனையே பயில்கின்றாள். தாய் பறிக்கும் இலையின் இயல்பை மகள் ஆய்வுகூடத்திலே அறியப்போகின்றாள்.

மொழியிற் பெறும் வெற்றியால் வயிறு நிறையுமா என்று வினவுவோர் உளர். ஹாலிஎலைக்கு அண்மையில் ஊவாக்கட்டவளைத் தோட்டத்திலே 1934இற் பிறந்தவர் தெளிவத்தை ஜோசப். தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவரின் மைந்தர். 'காலங்கள் சாவதில்லை' என்னும் நாவலாலும் தம் சிறுகதைகளாலும் இம்மலைகளின் வாழ்வைத் தமிழுலகம் அறியச் செய்தார். தமிழகம் 2013இல் அவருக்கு விஷ்ணுபுரம் விருதளித்துச் சிறப்பித்தது. 2022இல் அவர் மறைந்தபோது கடல்கடந்த தமிழரும் வருந்தினர். பதுளை மாவட்டத்தின் பெயரை அத்துணைத் தூரம் கொண்டு சென்றது அவர் கற்ற தமிழ்.

பதினோராந் தரத்திற்குப் பின்

இனி, என் கவலையைக் கூறுகின்றேன். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்த மறுவாரமே எங்கள் மாணவர் சிலர் கொழும்புக்குப் பேருந்து ஏறுகின்றனர். கடைகளிலும் உணவகங்களிலும் வேலை காத்திருக்கின்றது. கணிதத்தில் திறமைச் சித்தி பெறத்தக்கவனும் பெறுபேறு வருமுன்னரே போய்விடுகின்றான். பெறுபேறு வரும்போது அதனைப் பார்த்து மகிழ வீட்டில் அவன் இல்லை. வீட்டிலுள்ளோர்க்கு அவன் அனுப்பும் பணம் வேண்டியிருக்கின்றது.

கற்க விரும்பித் தங்குவோர்க்கும் வழி குறுகியதே. பாடசாலைகளை அரசு வகைப்படுத்தியுள்ளது. உயர்தரத்தில் விஞ்ஞானமும் கற்பிப்பவை 1 ஏபி. கலையும் வணிகமும் மட்டுங் கொண்டவை 1 சீ. பதினோராந் தரத்தோடு நிற்பவை இரண்டாம் வகை. அதற்குங் கீழ்ப்பட்டவை மூன்றாம் வகை. தோட்டப் பாடசாலைகளுட் பெரும்பாலானவை இறுதி இரண்டு வகையின. எங்களது 1 சீ. விஞ்ஞானம் கற்க விரும்பும் பிள்ளை வீட்டை விட்டு வெளியூரில் தங்க வேண்டும். வாடகை கொடுக்க வேண்டும்.

பல்கலைக்கழக அனுமதியிற் பெரும்பாலான துறைகளுக்கு, நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. பதுளை அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. புறப்பட்ட இடத்தையும் சேர்த்து நிறுக்கும் கோலொன்றை நாடு ஏற்றுக்கொண்டது என்பதற்கு இது சான்று. ஆயினும் இதில் இரண்டு குறைகள் உள. மாவட்டத்தின் உள்ளே பதுளை நகரத்துப் பிள்ளையும் லயத்துப் பிள்ளையும் ஒரே தட்டில் நிறுக்கப்படுகின்றனர். கலைப்பிரிவுக்கோ இவ்வொதுக்கீடு இல்லை. அங்கு அகில இலங்கைத் தரவரிசை ஒன்றே வழி. எங்கள் பிள்ளைகளுக்குக் கிட்டும் பிரிவு பெரும்பாலும் கலை. எந்தப் பிரிவில் அவர்களை நிறுத்தினோமோ அந்தப் பிரிவிலேதான் அவர்களுக்குத் துணை இல்லை. ஆதலின், வலயத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் விஞ்ஞானப் பிரிவும், அதற்கேற்ற ஆசிரியரும் ஆய்வுகூடமும் வேண்டும் என்பது வெறும் மன்றாட்டு அன்று. நீதியின் பாற்பட்ட கோரிக்கை.

வருகின்ற நாட்கள்

கோரிக்கை நிறைவேறும் வரை கைகட்டியிருத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. வரும் தவணைகளில் நாங்கள் செய்ய எண்ணியுள்ளவற்றைச் சொல்கின்றேன்.

முதலாவது, தமிழ் மொழித் தினத்தையொட்டி ஒரு கையெழுத்துச் சஞ்சிகை. ஆறாந் தரத்துக்கு மேற்பட்ட மாணவர் தத்தம் லயங்களிலுள்ள முதியோரிடம் சென்று தாலாட்டு, கும்மி, தெம்மாங்கு, ஒப்பாரி ஆகியவற்றைக் கேட்டு எழுதிவருவர். காமன் கூத்தையும் பொன்னர் சங்கரையும் ஆடிய பெரியோர் சிலர் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் வாய்மொழியும் அதில் இடம்பெறும்.

இரண்டாவது, மழைமானி. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாடு மறந்திருக்காது. பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர்பிழைத்த பிள்ளைகளும் உண்டு. திரும்பி வந்து பெற்றோரைக் காணாதவர்களும் அவர்களுள் உண்டு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்துள்ள முதல் எல்லை. எங்கள் விஞ்ஞான மன்றத்து மாணவர் நாள்தோறும் மழையை அளந்து, பாடசாலைப் பலகையிலும் தோட்டத்துக் கோயிற் பலகையிலும் எழுதி வைப்பர். கற்ற கல்வி ஊரைக் காக்கும் என்பதை அவர்கள் தம் கையாலேயே அறிவர்.

மூன்றாவது, பரிசளிப்பு விழா. வேலைநாளில் விழா வைத்தால் அதற்கு வரும் தாய் ஒரு நாட் சம்பளத்தை இழக்கின்றாள். அல்லது மகள் மேடையேறுவதைக் காணும் பேற்றை இழக்கின்றாள். ஆகவே இம்முறை விழா ஞாயிற்றுக்கிழமையில் நடைபெறும். முதலிடம் பெற்றோர்க்குப் பரிசு உண்டு. அவர்களோடு, ஓராண்டில் மிகுந்த முன்னேற்றங் கண்ட மாணவருக்கும், ஒரு நாளும் தவறாது வந்தோர்க்கும் பரிசு உண்டு. வெட்டுப்புள்ளியை மூன்று புள்ளிகளால் தவறவிட்ட அந்தச் சிறுவனின் பெயரும் அன்று வாசிக்கப்படும்.

நான்காவது, மாலை வகுப்பு. சாதாரண தரப் பரீட்சைக்கும் அதன் பெறுபேற்றுக்கும் இடைப்பட்ட மாதங்களிலேதான் நாம் மாணவரை இழக்கின்றோம். அம்மாதங்களில் ஆங்கிலமும் கணினியும் கற்பித்து அவர்களைப் பாடசாலையோடு பிணைத்து வைத்தல் எங்கள் நோக்கம்.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, மனிதர் வேண்டும். இம்மலைகளிலிருந்து சென்று கொழும்பிலும் பிறநாடுகளிலும் நல்ல நிலையில் வாழும் பழைய மாணவர் இவ்வரிகளைப் படிக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். தாம் கற்ற பாடசாலைக்கு ஒருமுறை சென்று, பதினோராந் தர வகுப்பில் ஒரு மணி நேரம் இருந்து பேசுக. தங்களிடம் வேலைக்கு வரும் சிறுவன் பெறுபேறு பார்த்துவிட்டானா என்று கேட்க. பார்க்கவில்லையெனில், உயர்தரம் படிக்கும் அவ்விரண்டாண்டுக்கு அவனைத் திருப்பி அனுப்ப வழியுண்டா என்று எண்ணுக. பெற்றோருக்கு நான் சொல்வது ஒன்றே: மகனின் இரண்டாண்டுச் சம்பளம் பெரிதுதான், அவனுடைய நாற்பதாண்டு வாழ்வு அதனினும் பெரிது.