பழைய சங்கிலி வாளை வாங்கலாமா?

மலிவு என்ற சொல்லுக்கு மயங்காத குடும்பம் அரிது. சைக்கிளாயினும், தையல் யந்திரமாயினும், நீரிறைக்கும் யந்திரமாயினும், "ஒருவர் பாவித்தது, அரை விலைக்கு வருகின்றது" என்று கேட்ட மாத்திரத்தே நம் மனம் அதன்பாற் சென்றுவிடுகின்றது. அதிற் குற்றமொன்றுமில்லை. பாவித்த பொருளை ஆராய்ந்து வாங்குதல் சிக்கனமுள்ள குடும்பத்துக்கு அழகேயாகும்.

ஆயினும், ஏனைய பொருள்களுக்கும் மரம் அரியும் சங்கிலி வாளுக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. பழைய தையல் யந்திரம் பழுதுபட்டால் தையல் நிற்கும். பழைய நீரிறைக்கும் யந்திரம் பழுதுபட்டால் பயிர் வாடும். பழைய சங்கிலி வாள் பழுதுபட்டாலோ, அதனைப் பிடித்திருப்பவரின் கைக்கும் காலுக்கும் முகத்துக்கும் கேடு நேரும். ஆகவே, இதனை வாங்குவதா விடுவதா என்னும் கேள்வி வெறும் பணக் கணக்கன்று. வீட்டிலுள்ள அனைவரும் இருந்து யோசித்துத் தீர்மானிக்க வேண்டிய விஷயம் இது.

வளவும் வாளும்

நமது வளவுகளில் மரம் அரியும் வேலை எப்பொழுதும் ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். கிணற்றடியிற் சாய்ந்த தென்னை, வீட்டுக் கூரைமேற் கவிந்த மாங்கொப்பு, உக்கிய வேலி மரம், விறகுக்கு விழுத்திய வேம்பு என்று பலவுண்டு. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மட்டக்களப்புப் பகுதியைத் தாக்கிய சூறாவளியைக் கண்டோர், ஓர் இரவிலே எத்தனை தென்னைகள் சாய்ந்து வழிகளை அடைத்துவிடக் கூடும் என்பதை அறிவர். முன்னாளில் இருவர் எதிரெதிரே நின்று பெரிய வாளை இழுத்து அரை நாள் செய்த வேலையைச் சங்கிலி வாள் சில நிமிடங்களிற் செய்து முடிக்கின்றது. அதனால், "நமக்கென ஒன்று இருந்தால் நல்லதன்றோ?" என்ற எண்ணம் எழுவது இயல்பே.

புதிய வாளின் விலையைக் கேட்டதும் அந்த எண்ணம் பாவித்த வாளின் மேற் சென்று நிற்கும். மரக்காலைக்காரர் ஒருவர் கழித்துவிட்டதோ, வெளிநாடு செல்லும் ஒருவர் விற்க முனைவதோ எங்கேனும் அகப்படும். விற்பவர் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றேயாகும்: "அண்ணை, இது அந்தக் காலத்து ஜேர்மன் சாமான். இப்ப வாறதுகள் எல்லாம் பிளாஸ்டிக். இது உங்கட பேரப்பிள்ளை காலம் வரைக்கும் ஓடும்."

இக்கூற்றிற் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை அறிவதற்கு இக்கருவியின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

வயது ஏன் முக்கியம்?

ஜேர்மனி நாட்டின் ஸ்ருட்கார்ட் நகரில் அந்திரேயாஸ் ஸ்டில் என்னும் பொறியியலாளர் 1926ஆம் ஆண்டில் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி வாளையும், 1929இல் பெற்றோலில் இயங்குவதையும் செய்தார். அப்பெற்றோல் வாள் 40 கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரமுடையது. இருவர் தூக்கியே அதனை இயக்கினர். அமெரிக்காவில் ஜோசப் கொக்ஸ் என்னும் மரவெட்டி, 1946ஆம் ஆண்டில் மரக்கட்டையைக் குடைந்து செல்லும் வண்டுப் புழுவொன்றைக் கண்டார். இடமும் வலமுமாக மாறி மாறிக் கடிக்கும் அதன் தாடைகளை உற்று நோக்கி, அதே அமைப்பிற் சங்கிலிப் பல்லைச் செய்தார். இன்று நாம் காணும் சங்கிலிகள் அப்புழு கற்பித்த பாடத்தின் வழியே வந்தவையாகும். 1959இல் ஸ்டில் கொம்பனி வெளியிட்ட கொன்ரா என்னும் வாள் சுமார் 12 கிலோகிராம் பாரத்துடன் ஒருவரே கையாளத்தக்கதாக அமைந்தது.

இவ்வாறு எஞ்சினின் பலம் விரைவில் வளர்ந்தது. கையாள்பவரைக் காக்கும் உறுப்புகளோ பின்னரே வந்து சேர்ந்தன. அதிர்வைத் தணிக்கும் றப்பர்த் தாங்கிகள் 1960களின் நடுப்பகுதியிலும், சங்கிலியை நொடிப்பொழுதில் நிறுத்தும் தடை 1970களின் முற்பகுதியிலும் வழக்கிற்கு வரத் தொடங்கின. இத்தடையைத் தொழிலாளர் செயின் பிறேக் என வழங்குவர். பெரும் மரங்களை அரிவதற்கென வெப்ப நாடுகளில் மிகுதியாக விற்கப்பட்ட 106 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடைய ஸ்டில் 070 போன்ற பழைய மாதிரிகள் பெரும்பாலும் இத்தடை இன்றியே வந்தவை. அவற்றின் எஞ்சின் உறுதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் எஞ்சினின் உறுதி வேறு, பிடித்திருப்பவரின் பாதுகாப்பு வேறு. விற்பவர் சொல்லாத பாதி உண்மை இதுவே.

உதைப்பு என்னும் அபாயம்

சங்கிலி வாளின் முழு வேகத்திற் சங்கிலி வினாடிக்கு ஏறக்குறைய 20 மீற்றர் ஓடுகின்றது. வாளின் நீண்ட அலகைத் தொழிலாளர் 'பார்' என்பர். அதன் நுனியின் மேற்பாகம் ஒரு கொப்பிலோ மறைந்திருக்கும் கட்டையிலோ பட்டதாயின், சங்கிலி அங்கே பற்றிக்கொள்ள, வாள் முழுவதும் பின்னோக்கி மேலெழுந்து, பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கிப் பாய்கின்றது. கண் இமைத்து, "ஐயோ" என்று எண்ணி, கையை விலக்குவதற்குள் அது நடந்து முடிந்துவிடும். எத்துணைப் பலமுள்ள கையாயினும் அதனைத் தாங்க இயலாது. முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் காப்புத் தட்டு அவ்வேளையில் முன்னே தள்ளப்பட்டு, சங்கிலியை நிறுத்திவிடும். அத்தட்டு இல்லாத வாளில் அவ்வுதவி இல்லை.

பழைய வாள்கள் பலவற்றில் இத்தட்டு உடைந்தோ கழற்றப்பட்டோ இருக்கும். "அது சும்மா தடக்குது எண்டு கழட்டி விட்டனாங்கள்" என்று விற்பவர் கூறுவாராயின், வேறெதையும் பார்க்க வேண்டுவதில்லை. வந்த வழியே திரும்புக.

வாங்குமுன் செய்யும் பரீட்சை

பார்க்கச் செல்லும்போது ஒரு சிறு மின்சூள், ஒரு திருகாணிச் சாவி, ஒரு பழைய பத்திரிகைத் தாள் ஆகியவற்றையும், யந்திரம் அறிந்த ஒருவரையும் உடன் கொண்டு செல்லுதல் நலம். சென்றதும் முதற்கண் எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அது சூடாக இருந்தால், நாம் வருமுன்னரே அதனை இயக்கி வைத்துள்ளார்கள் என்பது பொருள். குளிர்ந்த நிலையில் அது இலகுவில் இயங்குவதில்லை போலும் என்று ஐயுற இடமுண்டு. ஆறும்வரை பொறுத்திருந்து, நம் முன்னிலையில் இயக்கச் சொல்ல வேண்டும்.

அதற்குமுன், இயக்கும் கயிற்றை மெல்ல இழுத்துப் பார்க்கலாம். நல்ல சிலிண்டராயின் ஒவ்வொரு சுற்றிலும் கையை எதிர்க்கும். எதிர்ப்பின்றி வழுகி வருமாயின் உட்பகுதி தேய்ந்துவிட்டதென்க. அடுத்து, சைலென்சரைக் கழற்றித் துவாரத்தினூடாக மின்சூளைப் பிடித்துப் பிஸ்டனைப் பார்க்க வேண்டும். அதன் பக்கம் மழமழப்பாக இருத்தல் வேண்டும். மேலிருந்து கீழாகக் கீறல்கள் காணப்படின், எண்ணெய் போதிய அளவு கலவாத பெற்றோலில் அது ஓடியிருக்கலாம், அல்லது எங்கேனும் காற்றுக் கசிந்திருக்கலாம். இவ்வகை எஞ்சின்களுக்குத் தனியாக உராய்வெண்ணெய்த் தொட்டி இல்லை. பெற்றோலிற் கலக்கும் எண்ணெயே அதன் உயிர். சைலென்சரைத் திறக்க விற்பவர் இணங்காவிடின், அதுவே நமக்குரிய விடையாகும்.

இயக்கிய பின்னர், வேகம் கூட்டாத நிலையிற் சங்கிலி அசையாது நிற்க வேண்டும். வாளை இருபுறமும் சரித்துப் பார்க்கும்போது எஞ்சினின் ஓசை மாறலாகாது. தானாக வேகம் ஏறுமாயின் காற்றுக் கசிவு உண்டென்று கொள்க. பின்பு காப்புத் தட்டை முன்னே தள்ளினால் ஓடும் சங்கிலி உடனே நிற்க வேண்டும். அலகின் நுனியைப் பத்திரிகைத் தாளுக்குச் சற்று மேலே பிடித்து வேகத்தைக் கூட்டினால், தாளில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிடின் சங்கிலிக்கு எண்ணெய் செல்லவில்லை. அலகும் சங்கிலியும் விரைவில் எரிந்துபோகும். இறுதியாக, பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, சூட்டுடன் மீண்டும் இயக்குமாறு கேட்க வேண்டும். குளிரில் ஓடிச் சூட்டில் மறுக்கும் பழைய யந்திரங்கள் பலவுண்டு.

அறுந்த சங்கிலியைத் தடுத்துப் பிடிக்கும் கொளுக்கி, கை தவறி வேகம் கூடாதபடி காக்கும் பூட்டு, நிறுத்தும் சுவிற்சு, அதிர்வு தணிக்கும் றப்பர்கள் ஆகியனவும் சரியாக உள்ளனவா என்று நோக்குக. றப்பர்கள் சிதைந்த வாளை நெடுநாள் பிடித்து வேலை செய்வோருக்கு விரல்கள் வெளுத்து, மரத்து, உணர்விழக்கும் நோய் உண்டாகின்றது. முற்றிவிட்டால் அது முழுமையாக மாறுவதில்லை.

தேய்ந்த சங்கிலி, பள்ளம் விழுந்த பற்சில்லு, இறுகிய பெற்றோற் குழாய் ஆகியவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இவை தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை, மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அம்மாதிரிக்கு உதிரிப்பாகம் இன்றும் கிடைக்கின்றதா என்பதைக் கடையில் விசாரித்த பின்னரே விலை பேச வேண்டும். பெயர் பெற்ற மாதிரிகளைப் போலவே வார்த்தெடுத்த போலிகளும் உலவுகின்றன. மூடியிற் பொறித்த பெயரை மட்டும் நம்பலாகாது.

பத்திரமும் அனுமதியும்

நமது நாட்டிற் சங்கிலி வாள்களைப் பதிவு செய்யும் முறை உண்டு. ஆகையால், விற்பவரிடம் பதிவுப் பத்திரத்தைக் கேட்டு, அதிலுள்ள இலக்கமும் எஞ்சினிலுள்ள இலக்கமும் ஒன்றுதானா என ஒப்பு நோக்கி, பெயர் மாற்றும் முறையையும் முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும். பத்திரமில்லாத மலிவு பின்னர் பொலிஸ் நிலையத்தில் விலை கேட்கும்.

வாள் கையில் இருப்பதனால் எம்மரத்தையும் விழுத்தலாம் என்பதுமில்லை. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியன சொந்த வளவில் நின்றாலும், அனுமதி பெற்றே வெட்டப்படல் வேண்டும். இன்னுமொன்று: போர் நடந்த பகுதிகளில் நிற்கும் முதிர்ந்த மரங்களில் உலோகச் சிதறல்கள் புதைந்திருத்தல் கூடும். பழைய வேலி மரங்களில் முட்கம்பி உள்ளே மறைந்திருக்கும். ஓடும் சங்கிலி அவற்றிற் பட்டால் பல் முறியும், ஆளுக்கும் ஆபத்து நேரலாம். பனையின் வைரமும் தென்னையின் புறப்பகுதியும் சங்கிலியை விரைவில் மழுங்கச் செய்பவை. எனவே அரம் பிடித்துச் சங்கிலியைக் கூராக்கும் பழக்கம் இல்லாதவருக்கு வாள் அரைப் பயனே தரும்.

வீட்டுக் கணக்கு

இனி, வீட்டுப் பணத்தைக் கையாளும் இல்லத்தரசி கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "வருடத்தில் எத்தனை நாள் இது நமக்கு வேலை செய்யும்?" என்பதே அது. ஒரு தாளை எடுத்து, அதன் ஒரு பக்கத்தில் வாளின் விலை, மாற்ற வேண்டிய உறுப்புகள், சங்கிலி, எண்ணெய் ஆகியவற்றை எழுதுக. மறுபக்கத்தில், சொந்த வாளுடன் வந்து அரிந்து தரும் தொழிலாளிக்கு ஒரு நாளுக்குரிய கூலியை எழுதி, அதனை அந்நாட்களின் தொகையாற் பெருக்குக. ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் வேலையே உள்ள வளவுக்குக் கூலிக்கு ஆள் அழைப்பதே பெரும்பாலும் இலாபம். அத்துடன், பழகிய கையொன்றும் அவருடன் வருகின்றது.

தோட்டம் பெரிது, வேலை அடிக்கடி உண்டு என்போர் வாங்கலாம். பழைய வாளின் விலையும் திருத்தச் செலவும் சேர்ந்து புதியதின் விலையிற் பாதியைத் தாண்டுமாயின், உத்தரவாதத்துடன் சிறியதொரு புதிய வாளை வாங்குவதே மேல் என்பது எமது கருத்து.

"யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு அழலாமா?" என்பார்கள். தலைக்கவசம், கண்ணுக்கும் காதுக்கும் காப்பு, உறுதியான சப்பாத்து, நீண்ட நார்கள் வைத்துத் தைத்த காற்சட்டை ஆகியனவும் அக்கணக்கில் அடங்க வேண்டும். அந்நார்கள் சங்கிலி பட்டதும் பற்சில்லிற் சுற்றி அதனை நிறுத்திவிடும். சாரத்தை மடித்துக் கட்டி, றப்பர்ச் செருப்புடன் மரம் அரியும் காட்சியை நாம் ஊர்தோறும் காண்கின்றோம். பல நாள் ஒன்றும் நேராதிருப்பதே அதிலுள்ள ஏமாற்றம்.

ஆகவே எமது முடிவு இதுதான். தேய்ந்த உறுப்புகளுள்ள பழைய வாளைப் பேரம் பேசி வாங்கலாம். நல்ல எஞ்சினும், இயங்கும் தடையும், ஒழுங்கான பத்திரமும் உடைய பழைய வாள் கிடைக்குமாயின் அது நல்ல வாய்ப்பே. தடையில்லாத வாளையோ, இலவசமாகத் தந்தாலும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். பிஸ்டனுக்கு மாற்றுப் பிஸ்டன் கடையிற் கிடைக்கும். உழைக்கும் கைக்கு மாற்று எந்தக் கடையிலும் இல்லை.