மத்தியஸ்தமும் மானமும்

ஆண்டுதோறும் நவராத்திரி நெருங்கும் வேளையில், பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் ஓர் உடைவாள் கைமாறுகிறது. தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு ராஜ்யங்களின் பிரதிநிதிகளும் அருகே நிற்கிறார்கள். இரு ராஜ்யங்களின் போலீஸாரும் அணிவகுத்து மரியாதை செய்கிறார்கள். பின்னர் அரண்மனைச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் நோக்கிப் புறப்படுகிறார்கள். களியக்காவிளை எல்லையில் கேரளத்தார் எதிர்கொண்டு வரவேற்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு இது பக்தி மணக்கும் ஓர் உற்சவமாகத் தோன்றும். நமக்கோ, ஒரு பெரிய தகராறு எவ்வாறு முடிந்தது என்பதை வருஷந்தோறும் நினைவூட்டும் சடங்காகவும் இது தோன்றுகிறது.

இதே மண்ணில், மொழியின் பேரால், 1954 ஆகஸ்டு 11-ம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கி வெடித்தது. தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டுடன் சேர்க்க வேண்டுமென்று மார்ஷல் நேசமணி முதலிய தலைவர்கள் நடத்திய கிளர்ச்சியில் உயிர்கள் பலியாயின. அடுத்த ஆண்டு, பஸல் அலி தலைமையில் அமைந்த ராஜ்யப் புனரமைப்புக் கமிஷன் இரு கக்ஷியின் வாதங்களையும் கேட்டுத் தன் அறிக்கையை வெளியிட்டது. 1956 நவம்பர் 1-ம் தேதி அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு இணைந்தன. தேவிகுளமும் பீருமேடும் கிட்டவில்லையே என்ற குறை தமிழருக்கு நின்றது. நாஞ்சில் நாட்டு நெல்வயல்கள் கைவிட்டுப் போயினவே என்ற குறை மலையாளிகளுக்கு நின்றது. ஆயினும் அரண்மனை நின்ற பூமி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. அரண்மனை மட்டும் கேரளத் தொல்பொருள் இலாகாவின் பராமரிப்பில் இருந்து வருகிறது. வேணாட்டு அரசர்களின் பழைய தலைநகரைத் தங்கள் சரித்திரத்தின் ஒரு பகுதியாகக் கருதுகிறவர்களின் உணர்ச்சிக்கும் அதில் இடம் கிடைத்தது. ஒருவர் நிலம் பெற்றார். மற்றவர் நினைவைப் பெற்றார். இருவரும் முகம் பார்த்துப் பேசக் கூடியவர்களாகவே பிரிந்தார்கள்.

மத்தியஸ்தத்தின் சாரம் இதுதான். நியாயஸ்தலத்தின் தீர்ப்பு ஒரு கக்ஷியை ஜயிக்கவும் மற்றொரு கக்ஷியைத் தோற்கவும் செய்கிறது. ஆனால் தோற்றவரும் ஜயித்தவரும் மறுநாள் காலையில் ஒரே குளத்தில் இறங்க வேண்டும். ஒரே சந்தையில் பேரம் பேச வேண்டும். ஒரே பாதையில் பிணம் சுமந்து செல்ல வேண்டும். அந்த மறுநாளைப் பற்றிக் கவலைப்படுகிறவனே மத்தியஸ்தன். இரு தரப்பாரும் தலை நிமிர்ந்து வீடு திரும்பும்படி செய்வதே அவன் சாமர்த்தியம்.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நாம் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம். மற்றப் பாதியையும் பத்மநாபபுரமே நமக்குக் கற்பித்திருக்கிறது. தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமை பற்றி எழுந்த பூசலில், 1823-ம் ஆண்டு பத்மநாபபுரம் கோர்ட்டு கிறிஸ்தவப் பெண்களுக்கு அனுகூலமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஏட்டில் இருந்தது, தெருவில் இல்லை. சந்தைக்குச் சென்ற பெண்கள் அவமதிக்கப்பட்டார்கள், கலகம் மூண்டது. கலகத்தை அடக்கும் உபாயமாக, 1829-ல் சமஸ்தான சர்க்கார் ஒரு 'நடுவழி'யைக் கண்டது. குப்பாயம் அணியலாம், மேல்சாதிப் பெண்களைப் போல் மேல்முண்டு போடலாகாது என்பதே அந்த நடுவழி. அதனால் அமைதி உண்டாயிற்றா? முப்பது ஆண்டுகள் கழித்து மறுபடியும் கலகம் வெடித்தது, வீடுகள் எரிந்தன. 1859 ஜூலை 26-ம் தேதி வெளிவந்த ராஜ விளம்பரம் மார்பை மறைக்கும் உரிமையை நாடார் பெண்கள் அனைவருக்கும் வழங்கியது. ஆனால் அதிலும் மேல்சாதியாரைப் போல் உடுத்தலாகாது என்ற வால் ஒட்டிக்கொண்டிருந்தது.

மானத்தை முழம் போட்டு அளந்து பாதி கொடுக்க முடியுமா? ஒரு வரப்பைப் பற்றிய தகராறில் நிலத்தைச் சரிபாதியாகப் பிரிப்பது நியாயமாகலாம். ஒருவன் மற்றொருவனை மனிதனாக மதிப்பதா, வேண்டாமா என்ற தகராறில் சரிபாதி என்பதே அநியாயம். அடிப்பவனிடம் "பாதி அடி" என்றும், அடிபடுகிறவனிடம் "பாதி பொறு" என்றும் சொல்கிறவன் மத்தியஸ்தன் அல்லன். அடிப்பவனுக்குத் துணை போகிறவனே. நடுநிலை என்பது மனிதர்களுக்கு இடையே வகிக்க வேண்டியது. நியாயத்துக்கும் அநியாயத்துக்கும் இடையே வகிக்கக் கூடியதன்று.

அப்படியானால், உரிமைப் போராட்டத்தில் மத்தியஸ்தத்துக்கு இடமே இல்லையா? உண்டு என்பதை மகாத்மா காந்தி நடத்திக் காட்டினார். அவர் வக்கீலாகத் தென்னாப்பிரிக்கா சென்றதே இரு இந்திய வியாபாரிகளின் வழக்குக்காகத்தான். பிரிட்டோரியாவில் அவ்விருவரையும் பஞ்சாயத்துக்கு இணங்கச் செய்தார். அவருடைய கக்ஷிக்காரரான தாதா அப்துல்லா ஜயித்தார். சுமார் 37,000 பவுனும் செலவுத் தொகையும் ஒரே தவணையில் கட்ட நேர்ந்திருந்தால் தோற்றவர் திவாலாகியிருப்பார். தொகையை நீண்ட காலத் தவணைகளில் பெற்றுக்கொள்ளுமாறு ஜயித்தவரைச் சம்மதிக்கச் செய்வதே பஞ்சாயத்தைவிடக் கடினமாக இருந்தது என்று காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தீர்ப்புக்குப் பிறகும் மத்தியஸ்தனுக்கு வேலை இருக்கிறது என்பதை இளமையிலேயே அவர் கண்டுகொண்டார்.

அந்த அனுபவத்துடன் 1925 மார்ச்சு மாதம் அவர் திருவிதாங்கூருக்கு வந்தார். வைக்கம் கோயிலைச் சுற்றிய பாதைகளில் தாழ்த்தப்பட்டோர் நடப்பதற்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. ஈ. வெ. ராமசாமிப் பெரியார் இருமுறை சிறை சென்றிருந்தார். நாகர்கோவிலிலிருந்து டாக்டர் எம். இ. நாயுடு தலைமையில் மேல்சாதியார் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் சென்று, பாதைகளைத் திறக்கவேண்டுமென்று முறையிட்டிருந்தார்கள். சட்டசபையில் பாதைத் தீர்மானம் ஒரே ஒரு வோட்டினால் தோற்றிருந்தது. இந்நிலையில் காந்தியடிகள் எதிர்க்கக்ஷித் தலைவரான இண்டந்துருத்தி நம்பூதிரியின் இல்லத்துக்குத் தாமே சென்றார். மேல்சாதி ஹிந்துக்களின் பொது வாக்கெடுப்பு, நடுவர் தீர்ப்பு, சாஸ்திர ஆராய்ச்சி என்று மூன்று வழிகளை முன்வைத்தார். நம்பூதிரி ஒன்றுக்கும் இணங்கவில்லை. காந்தியடிகள் சோர்ந்துவிடவுமில்லை; சுடுசொல் கூறவுமில்லை. வர்க்கலையில் மகாராணி ரீஜண்டைச் சந்தித்தார். சிவகிரியில் நாராயண குருவைச் சந்தித்தார். பின்னர்ப் போலீஸ் கமிஷனர் பிட்டுடன் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார். சர்க்கார் தடையுத்தரவையும் போலீஸ் வேலிகளையும் எடுத்துவிடும். சத்தியாக்கிரகிகள் பழைய எல்லையைத் தாண்டமாட்டார்கள் என்பதே ஏற்பாடு. அதே ஆண்டு நவம்பரில், கிழக்குப் பாதை நீங்கலாக மூன்று புறத்துப் பாதைகளும் திறக்கப்பட்டன.

இதுவும் அரைகுறைச் சமரசந்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே; அன்றே கேட்டவர்களும் உண்டு. ஆனால் 1859-ம் ஆண்டு விளம்பரத்துக்கும் இதற்கும் ஒரு பெரும் பேதம் உண்டு. முன்னது, "இவ்வளவே உனக்கு" என்று கதவைச் சாத்தியது. பின்னது கதவைத் திறந்து வைத்தது. வைக்கத்தின் ஈரம் காயுமுன் 1926-ல் சுசீந்திரத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. 1936 நவம்பர் 12-ம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாகிக் கோயில் வாசலே திறந்தது. உரிமையை விட்டுக்கொடுக்காமல், அதை அடையும் காலத்தையும் வழியையும் மட்டும் பேச்சுக்கு வைக்கும் மத்தியஸ்தமே நிலைக்கும் மத்தியஸ்தம்.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்குகிறவர்கள், பத்மநாபபுரத்துக்குத் தெற்கே கடலோரத்திலுள்ள மண்டைக்காட்டை நினைத்துப் பார்க்கட்டும். 1982 மார்ச்சு முதல் தேதி பகவதியம்மன் கோயில் கொடைவிழாவின்போது, கடற்கரையில் பக்தர்களுக்கும் மீனவர்களுக்கும் இடையே மூண்ட தகராறு துப்பாக்கிப் பிரயோகத்தில் முடிந்தது. அத்தீ பல கிராமங்களுக்குப் பரவிற்று. தலைமுறை தலைமுறையாக மீனும் தேங்காயும் கொடுத்து வாங்கிப் பழகிய ஜனங்கள் ஒருவரையொருவர் கண்டு அஞ்சினார்கள். பின்னர் நீதிபதி வேணுகோபால் கமிஷன் விசாரணை நடத்தியது. கமிஷன் நடந்ததை ஆராயலாம். உடைந்த மனத்தை ஒட்டவைப்பது அதன் வேலையன்று. அந்த வேலைக்குக் குன்றக்குடி அடிகளார் போன்றோர் வந்தார்கள். ஒரு சைவ மடத்தின் தலைவர், தம் சமயத்தாருக்காக வாதாடும் வக்கீலாக வராமல், இரு சமயத்தாரிடமும் சென்று அமைதி வேண்டினார். காவியுடுத்தவர் வருகிறார், நமக்கு விரோதமாகத்தான் பேசுவார் என்று எதிர்பார்த்தவர்களும் அவர் சொல்லைக் கேட்கலானார்கள். தன் சொந்த ஜனங்களின் கோபத்துக்கு அஞ்சாதவனே மத்தியஸ்தனாகத் தகுந்தவன் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

ஆயினும், வீடு எரிந்த பிறகு மத்தியஸ்தனைத் தேடுவது விவேகமன்று. 2011-ம் ஆண்டு ஜனக் கணிதப்படி இந்த ஜில்லாவில் ஹிந்துக்கள் நூற்றுக்குச் சுமார் 49 பேர். கிறிஸ்தவர்கள் சுமார் 47 பேர். முஸ்லிம்கள் சுமார் 4 பேர். இங்கே சிறுபான்மையென்று ஒதுங்கவும், பெரும்பான்மையென்று மார்தட்டவும் ஒருவருக்கும் இடமில்லை. ஒரு கொடைவிழா, ஒரு சப்பரம், ஓர் ஒலிபெருக்கி, ஒரு சுடுகாட்டுப் பாதை — எதிலிருந்தும் பொறி பறக்கலாம். அவ்வப்போது பத்மநாபபுரம் ஸப்-கலெக்டரோ தாசில்தாரோ இரு தரப்பாரையும் அழைத்துச் சமாதானக் கூட்டம் நடத்துவது வழக்கம். அது நல்ல வழக்கமே. ஆனால் தடையுத்தரவைப் பிறப்பிக்கும் கையே சமாதானமும் பேசும்போது, அழைக்கப்பட்டவர்கள் மனம் விட்டுப் பேசுவதில்லை; கையெழுத்திட்டுவிட்டு வெளியேறவே பார்க்கிறார்கள்.

2023-ல் பார்லிமெண்ட் இயற்றிய மத்தியஸ்தச் சட்டம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. ஓர் ஊரின் அமைதியைக் குலைக்கக் கூடிய தகராறுகளை, இரு தரப்பாரின் சம்மதத்தோடு, ஊரார் மதிக்கும் மூன்று மத்தியஸ்தர்களைக் கொண்டு தீர்க்கலாம் என்று அதில் ஒரு தனி அத்தியாயமே உண்டு. அப்படி ஏற்படும் உடன்படிக்கை அமைதி காப்பதற்கானது. கோர்ட்டு டிக்ரியைப்போல் அதை நிறைவேற்ற முடியாது என்றும் சட்டம் கூறுகிறது. இதைக் குறை என்று சிலர் கருதக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. அமீனாவைக் கொண்டு நிறைவேற்றும் அமைதி அமீனா தலை மறைந்ததும் மறைந்துவிடும். ஆனால் பலவந்தமில்லாத உடன்படிக்கைக்கு நம்பிக்கையே ஜாமீன். அந்த நம்பிக்கையைக் கலக தினத்தன்று தேடினால் கிடைக்காது. சாதாரண நாளிலேயே விதைக்கவேண்டும்.

ஆகவே, சட்டத்தின் ஒவ்வொரு பிரிவும் அமுலுக்கு வரட்டும் என்று காத்திராமல், தாலுகாதோறும் இத்தகைய நிரந்தர சபைகளை ஊராரே அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அவற்றில் கோயில் தர்மகர்த்தாக்களும் பங்குக் குருமாரும் ஜமாஅத்தாரும் மட்டும் இருந்தால் போதாது. மீன் விற்கும் பெண்ணும், ரப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளியும், பள்ளி ஆசிரியரும் இருக்கவேண்டும். கலகம் மூண்டால் முதலில் பட்டினி கிடப்பவர்கள் அவர்களே. திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே பாதையும் நேரமும் பேசி எழுதப்படவேண்டும். விழா முடிந்த பிறகும் ஒருமுறை கூடி, எழுதியபடி நடந்ததா என்று பார்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவரின் மனித உரிமையை மற்றவரின் வழக்கத்தோடு தராசில் வைத்து நிறுக்கும் அதிகாரம் எந்தச் சபைக்கும் இல்லை என்பது முதல் விதியாக இருக்கவேண்டும்.

உப்பரிகை மாளிகையில் கைமாறும் அந்த உடைவாளை எண்ணிப் பார்க்கிறோம். அது ஒரு காலத்தில் யுத்தக் கருவி. இன்று அதை ஒரு கை கொடுக்கிறது, மறு கை பணிவோடு ஏற்கிறது. ஒரு துளி ரத்தம் சிந்துவதில்லை. ஒரு வாளுக்குச் சாத்தியமான இந்த மாற்றம் நம் ஊர்களுக்கும் சாத்தியமே.