எல்லைப்புற உழவரின் வம்சாவளி

ஐக்கிய அமெரிக்க நாட்டின் தொடக்க காலத்தில் மேற்கு நோக்கிச் சென்று காடு திருத்திய உழவர்களின் வம்சாவளியை ஆராய்வது எளிதன்று. அவர்கள் ஓரிடத்தில் நிலைத்து வாழ்ந்தவர் அல்லர். மண்ணின் சாரம் குன்றினாலும், நில உரிமையில் வழக்கு மூண்டாலும், மேற்கே நல்ல நிலம் இருப்பதாகச் செய்தி வந்தாலும் வண்டி கட்டிப் புறப்பட்டனர். பலருக்கு எழுத்தறிவு இல்லாமையால் கடிதமும் நாட்குறிப்பும் அரியனவாயின. இத்தகைய குடும்பங்களுள் ஒன்றின் பெயரை உலகம் முழுதும் அறியும். அது ஆபிரகாம் லிங்கனின் குடும்பம்.

ஜனாதிபதித் தேர்தலுக்கு முந்திய ஆண்டாகிய 1859இல் லிங்கன் தமது வரலாற்றைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்தார். தம் பாட்டனார் வெர்ஜினியாவின் ராக்கிங்காம் கவுண்டியிலிருந்து கென்டக்கிக்கு வந்தவர் என்பதை அவர் அறிவார். அவருக்கும் முந்தியோர் பென்சில்வேனியாவில் இருந்தவர் என்பதையும் அறிவார். நியூ இங்கிலாந்தில் லிங்கன் என்னும் பெயருடைய பழைமையான குடும்பம் ஒன்று இருந்தது. அதனோடு தம் குடும்பத்தை இணைக்கச் செய்த முயற்சியில், மார்டெகாய், சாலமன் போன்ற பெயர்கள் இரு பக்கத்திலும் வழங்கின என்பதற்கு மேல் ஒன்றும் துலங்கவில்லை என்று அவர் குறித்தார்.

அவருக்குத் துலங்காதது பின்வந்த ஆராய்ச்சியாளருக்குத் துலங்கிற்று. 1637இல் இங்கிலாந்திலிருந்து மாஸசூஸெட்ஸுக்கு வந்த சாமுவேல் லிங்கனே மூதாதை. ஜனாதிபதி ஏழாவது தலைமுறை. இதைக் காட்டியவை குடும்ப நினைவுகள் அல்ல, நிலப் பத்திரங்களும் மரண சாசனங்களுமே. உதாரணமாக, 1736இல் பென்சில்வேனியாவில் இறந்த மார்டெகாய் லிங்கன், நியூஜெர்சியில் தமக்கிருந்த நிலத்தைத் தம் மகன் ஜானுக்கு எழுதி வைத்தார். இந்த ஜான்தான் பின்னர் வெர்ஜினியாவுக்குக் குடிபெயர்ந்தவர். மனிதன் இடம் பெயர்ந்தாலும் அவன் விட்டுச் சென்ற நிலம் அவனுக்காகச் சாட்சி சொல்கிறது.

ஆனால் அந்தச் சாட்சி எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதே கேள்வி. குடிகள் பெருகப் பெருகக் கவுண்டிகள் பிரிக்கப்பட்டன. ராக்கிங்காம் கவுண்டி 1778இல்தான் அகஸ்டா கவுண்டியிலிருந்து பிரிந்தது; ஆகவே அதே நிலத்துக்குரிய முந்திய பதிவுகளை அகஸ்டாவின் நீதிமன்றத்தில் தேட வேண்டும். கென்டக்கியோ 1792 வரை வெர்ஜினியாவின் பகுதியாக இருந்தது. பெயரையும் நம்புவதற்கில்லை. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் லிங்கன் என்பது சில ஏடுகளில் 'லிங்க்ஹார்ன்' என்று நிற்கிறது.

கென்டக்கியின் நில அளவை பெருங் குழப்பம். இந்த ஓடை முதல் அந்த ஓக் மரம் வரை என்று அவரவர் விருப்பப்படி எல்லை வகுத்தனர். மரம் விழுந்தது, ஓடை திசை மாறியது, ஒரே நிலத்துக்கு இருவர் மூவர் உரிமை கொண்டாடினர். ஜனாதிபதியின் தந்தை தாமஸ் லிங்கன் இத்தொல்லைக்கு ஆளானவர். 1816இல் அவர் இண்டியானாவுக்குப் போனதற்கு அடிமை முறை ஓரளவு காரணமென்றும், நில உரிமைச் சிக்கலே முக்கிய காரணமென்றும் மகனே எழுதியிருக்கிறார். இண்டியானாவில் 1785ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் ஆறு மைல் சதுரங்களாகவும், ஒவ்வொரு சதுரமும் 640 ஏக்கர் கொண்ட 36 பிரிவுகளாகவும் அளக்கப்பட்டிருந்தது. 1817இல் வின்சென்ஸ் நில அலுவலகத்தில் ஏக்கருக்கு இரண்டு டாலர் விலையில் தாமஸ் 160 ஏக்கருக்குப் பதிவு செய்தார். பத்தாண்டுக்குப் பின் அதில் பாதியை விட்டுக்கொடுத்து, 80 ஏக்கருக்கே முழு உரிமை பெற்றார். அவரைச் சோம்பேறி என்று எழுதிய ஆசிரியர்கள் இந்தக் கணக்கைச் சற்று ஊன்றிப் பார்த்திருக்கலாம்.

ஜனத்தொகைக் கணக்கு 1790இல் தொடங்கிற்று எனினும், 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மனைவியும் மக்களும் வயதுப் பிரிவின்கீழ் வெறும் எண்கள். 1850இல்தான் சுதந்திர மக்கள் ஒவ்வொருவர் பெயரும் ஏட்டில் ஏறியது. அடிமைகளின் பெயரோ பொதுவாக அப்போதும் ஏறவில்லை. அந்நிலங்களை முன்பு ஆண்டிருந்த செவ்விந்தியர் இந்தப் பத்திரங்களில் நில உரிமையாளராகத் தோன்றுவதே அரிது. 1786இல் ஜனாதிபதியின் பாட்டனார் வயலில் அவர்களால் கொல்லப்பட்ட செய்தி குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டது. நிலத்தை இழந்தவர் பக்கத்துச் செய்தியைச் சொல்ல அந்த ஏடுகளில் இடமில்லை.

பெண்வழியைத் தேடுவோர் படும் பாடு இன்னும் பெரிது. லிங்கனின் பெற்றோரது விவாகப் பதிவு அவர் வாழ்நாளில் அகப்படவில்லை. அவர்கள் குடியிருந்த ஹார்டின் கவுண்டியில் அது இல்லை. மணமகள் வாழ்ந்த வாஷிங்டன் கவுண்டியில் 1806ஆம் ஆண்டு ஏடுகளில் கிடந்தது. மணப்பெண்ணின் ஊரில் முதலில் தேடுக என்பது இன்று இத்துறையில் பாலபாடம். எனினும், தாயார் நான்ஸி ஹாங்க்ஸ் யார் மகள் என்பதை எந்தப் பத்திரமும் ஐயமின்றிக் கூறவில்லை. தாய்வழியாகவே இறங்கிவரும் மரபணுவைச் சோதித்து 2015இல் வெளியான ஆராய்ச்சி, அவர் லூஸி ஹாங்க்ஸின் மகள் என்ற கொள்கைக்கு வலிவு தந்தது.

ஒரு வழக்கம் மட்டும் பெண்களின் பெயரை ஏட்டில் நிறுத்தியது. கணவன் நிலத்தை விற்றால், அதில் மனைவிக்குள்ள விதவை உரிமையை அவள் தானே கைவிட்டதாகப் பதிய வேண்டும். 1814இல் தாமஸ் ஒரு பண்ணையை விற்ற பத்திரத்தில் அவருடைய பெயரோடு நான்ஸியின் பெயரும் இருக்கிறது. கையெழுத்துக்குப் பதிலாக அவர் இட்டது ஒரு கீறல்.