ஈர்க்கை விட்டுக் கீரையை உருவுவது

முருங்கைக் கீரைக் கொத்து ஒன்றைக் கையில் எடுங்கள். நடுவே தடித்த காம்பு, பக்கத்துக்குப் பக்கம் ஈர்க்குகள். நுனியில் புழு வைத்திருக்கிறது. முட்டைகளோ காம்பை ஒட்டி அடிவரைக்கும் இருக்கலாம். கொத்தை அடியோடு ஒடித்து எறிவது ஒரு வழி. பொறுமைசாலிகள் செய்வது வேறு. அடிக்காம்பில் ஒட்டியதை நகத்தால் வழித்தெடுப்பார்கள், முதல் ஈர்க்கை மட்டும் பசுமையாக விட்டுவிட்டு அதற்கு அப்பால் ஒடிப்பார்கள்.

மலக்குடல் புற்றுநோய் அறுவையில் தமனியின் முதல் கிளையைக் காப்பது என்பது இந்த இரண்டாவது வழிதான். காம்பு என்பது ஐ.எம்.ஏ. எனப்படும் ரத்தக்குழாய். பெருந்தமனியில் கிளம்பி, இடப்பக்கப் பெருங்குடலுக்கும் மலக்குடலுக்கும் ரத்தம் கொண்டுபோகிறது. கிளம்பிய மூன்று, நான்கு சென்டிமீட்டரில் பிரியும் முதல் ஈர்க்கு இடது கோலிக் தமனி. முட்டை தங்கும் இடங்கள் நிணநீர்க் கணுக்கள். நோய் அவற்றின் வழியாகத்தான் மேலேறும்.

இந்தத் தமனியை எங்கே கட்டி வெட்டுவது என்ற வழக்கு பழையது. 1908இல் இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ் முதல் கிளைக்குக் கீழே கட்டினார். அதே ஆண்டில் இன்னொரு அறுவை மருத்துவரான மொய்னிஹன் அடியிலேயே கட்டச் சொன்னார். இரண்டு கட்சியும் இன்றுவரை உண்டு.

அந்தக் கிளைக்காக ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்? மலக்குடலை எடுத்தபின் மேலிருக்கும் பெருங்குடலைக் கீழே இழுத்து, மிச்சத்தோடு ஸ்டேப்லரால் இணைக்கிறார்கள். அடியிலேயே கட்டிவிட்டால், இணைப்புக்கு வரும் ரத்தம் மண்ணீரல் பக்கத்து வளைவைச் சுற்றி, குடலோரம் ஓடும் மெல்லிய குழாய் வழியாகத்தான் வந்துசேர வேண்டும். இளம் வயதினருக்குப் பெரும்பாலும் போதும். குழாய்கள் தடித்துப்போன முதியவர்களுக்குப் போதாமல் போகலாம். ரத்தம் குறைந்த இணைப்பு கசியலாம். கசிந்தால் வயிற்றில் சீழ், மறு அறுவை, கீமோதெரபியும் தள்ளிப்போகும்.

லேப்ராஸ்கோப்பி எனும் நுண்துளை அறுவையில் கிளையைக் காப்பது நுணுக்கமான வேலை. கரியமில வாயுவால் வயிற்றை உப்பவைத்து, கேமரா காட்டும் பெரிதாக்கிய படத்தில், துடிக்கும் தமனியின் மேலுறையைத் திறந்து, கொழுப்பையும் கணுக்களையும் அதிலிருந்து உரித்தெடுக்க வேண்டும். இணைக்குமுன் குடலின் வெட்டுமுனையில் செக்கச்செவேலென்று ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். சில இடங்களில் ஐ.சி.ஜி. சாயம் ஏற்றி, ரத்தம் ஓடும் பகுதி ஒளிர்வதைக் கேமராவிலேயே பார்க்கிறார்கள்.

சரி, கிளையை விட்டதால் ஆயுள் குறைகிறதா? ஜப்பானில் 300க்கும் மேற்பட்டோரைச் சீட்டுப்போட்டு இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வில், ஐந்தாண்டு உயிர்வாழ்வில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் கசிவிலும் வேறுபாடு இல்லை: அடியில் கட்டியவர்களில் 17.7 விழுக்காடு, கிளையை விட்டவர்களில் 16.3. கிளையைக் காத்தால் கசிவே வராது என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். இத்தாலியில் லேப்ராஸ்கோப்பியிலேயே நடந்து 2019இல் வெளியான ஹைலோ ஆய்வும் கசிவில் மாற்றம் காணவில்லை. அதில் தெரிந்த ஆதாயம் வேறு: சிறுநீர் கழிப்பதும் தாம்பத்தியமும் கிளையை விட்டவர்களுக்குக் குறைவாகவே பாதிக்கப்பட்டன. தமனியின் அடியைச் சுற்றித்தான் அவற்றுக்கான நரம்புகள் ஓடுகின்றன.

நுண்துளை முறையால் நோய் திரும்புமா என்ற கேள்வியும் உண்டு. எட்டு நாடுகளில் 1,044 பேரிடம் நடந்த கலர் 2 ஆய்வில், மூன்றாண்டுக்குள் அதே இடத்தில் நோய் திரும்பியது இரு தரப்பிலும் 5 விழுக்காடுதான், வயிற்றைத் திறந்தாலும் துளை போட்டாலும். அதே காலத்தில் வந்த வேறு இரண்டு ஆய்வுகள் அவ்வளவு உறுதி தரவில்லை. ஆகவே செய்யும் கை முக்கியம்.

ஆயுளை உண்மையில் தீர்மானிப்பது நோய் எந்தக் கட்டத்தில் பிடிபட்டது, மலக்குடலைச் சுற்றிய கொழுப்புறை கிழியாமல் வந்ததா, வெட்டு விளிம்பில் புற்றணு மிச்சமா என்பவைதான். 1982இல் அறுவை மருத்துவர் பில் ஹீல்ட் அந்த உறையோடு முழுதாக எடுக்கும் முறையை எழுதியபின் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. தமனியை எங்கே கட்டினார்கள் என்பது அவ்வளவு பெரிய மாற்றம் எதையும் செய்ததில்லை.

அறுவை முடிந்தவர்கள், எடுத்த பகுதியைச் சோதித்த நோயியல் அறிக்கையில் இரண்டு வரிகளைத் தேடுங்கள்: எத்தனை கணுக்கள் பரிசோதிக்கப்பட்டன (குறைந்தது 12 என்பது பொது அளவு), விளிம்பு சுத்தமா. ஐந்தாண்டுத் தொடர் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். மற்றவர்கள், மலத்தில் ரத்தம் போனால் மூலம் என்று நீங்களே முடிவுகட்டிக் களிம்பு தடவிக்கொண்டிருக்காமல், டாக்டரிடம் காட்டுங்கள்.