மேடையில் கிரீடம், அடையாள அட்டையில் 'திரு': தாய்லாந்தின் டிராக் போட்டி சொல்வது என்ன?

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2009-ல் தொடங்கிய 'ரூபால்ஸ் டிராக் ரேஸ்' போட்டிக்கு இன்று பிரிட்டன், கனடா, ஸ்பெயின், பிலிப்பைன்ஸ் எனப் பல நாடுகளில் உள்ளூர்ப் பதிப்புகள் உண்டு. ஆசியாவில் அதை முதலில் கொண்டுவந்தது தாய்லாந்து. 2018-ல் அங்கே 'டிராக் ரேஸ் தாய்லாந்து' ஒளிபரப்பானபோது, அமெரிக்காவுக்கு வெளியே சிலி நாட்டில் மட்டுமே அதற்கு முன்பு ஒரு பதிப்பு வந்திருந்தது. அடுத்த ஆண்டே தாய்லாந்துப் பதிப்பில் ஒரு திருநங்கை பட்டம் வென்றார். மூல நிகழ்ச்சியின் அமெரிக்கப் பதிப்புகளில் ஒரு திருநங்கை வெல்ல 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உரிமம் வாங்கி நடத்திய நாடு, உரிமம் கொடுத்த நாட்டை எப்படி முந்தியது?

டிராக் என்பது என்ன?

டிராக் ஒரு மேடைக் கலை. ஒப்பனை, விக், உயரக் குதிகால் செருப்பு, இடுப்புக்கும் மார்புக்கும் வைக்கும் பஞ்சு ஆகியவற்றைக் கொண்டு பெண்மையைப் பெரிதுபடுத்தி, ஆடியும் பாடலுக்கு உதடசைத்தும் நகைச்சுவை செய்தும் பார்வையாளர்களைக் கட்டிப்போடுவது. இதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் தன்பாலீர்ப்புள்ள ஆண்கள். நிகழ்ச்சி முடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிட்டுத் தங்கள் அன்றாட வாழ்வுக்குத் திரும்பிவிடுவார்கள். திருநங்கை என்பது வேடமல்ல, ஒருவரின் வாழ்வே அது. ஆனால் ஒரு திருநங்கை டிராக் கலைஞராகவும் இருக்க முடியுமா என்ற கேள்வி, இந்தப் போட்டியின் வரலாறு முழுவதும் கூடவே வந்திருக்கிறது.

போட்டியின் விதிகள் எளியவை. ஒவ்வொரு வாரமும் போட்டியாளர்களுக்கு ஒரு சவால்: கொடுத்த பொருளைக் கொண்டு உடை தைக்க வேண்டும், பிரபலங்களைப் போல நடித்துக் காட்ட வேண்டும், அல்லது குழுவாக ஆட வேண்டும். பிறகு அந்த வாரத்தின் கருப்பொருளுக்கு ஏற்ற உடையில் நடுவர்கள் முன் நடந்து வர வேண்டும். கடைசி இடங்களில் நிற்கும் இருவர் ஒரே பாடலுக்கு உதடசைத்து மோத, தோற்றவர் வெளியேறுவார். தையல், நடனம், நடிப்பு, நகைச்சுவை எல்லாம் ஒரே ஆளிடம் இருந்தாக வேண்டும். ஒன்றில் மட்டும் தேர்ந்தவர் சில வாரங்களுக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை.

பாங்காக்குக்கு வந்த கதை

தாய்லாந்து உரிமத்தைப் பெற்று நிகழ்ச்சியைத் தயாரித்தது கந்தனா. 1951-ல் வானொலி நாடகங்களில் தொடங்கி, தொலைக்காட்சி, திரைப்படம் என வளர்ந்த நிறுவனம் அது. ஒளிபரப்பு லைன் டிவி என்ற இணையத் தளத்தில். நிகழ்ச்சியை நடத்த இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஒருவர் ஃபேஷன் துறையில் நீண்ட அனுபவமுள்ள ஆர்ட் ஆர்யா. மற்றவர் பான்ஜீனா ஹீல்ஸ். தாய்லாந்து, தைவான் ஆகிய இரு நாடுகளிலும் வேர்கள் உள்ளவர். கைகளை மின்னல்போல் வீசி ஆடும் 'வாக்கிங்' நடனத்தில் பெயர் பெற்றவர். 'டி பேட்டில்' என்ற உள்ளூர்த் தொலைக்காட்சிப் போட்டியில் ஏற்கெனவே வென்றிருந்தவர்.

முதல் சீசனில் பத்துப் பேர் மோத, நட்டாலியா பிளியாகாம் வென்றார். அழகிப் போட்டிகள் வளர்த்துவிட்ட ஒல்லி உடல் இலக்கணத்துக்குள் அடங்காத, பருத்த உடல்வாகு கொண்டவர் அவர். 2019-ல் வந்த இரண்டாவது சீசனில் ஆஞ்செல் அனாங் வென்றார். உலகம் முழுவதும் உள்ள டிராக் ரேஸ் பதிப்புகளில் வெளிப்படையாகத் திருநங்கையாக வாழும் ஒருவர் வென்றது அதுவே முதல்முறை. 2022-ல் பிரிட்டனில் பல நாட்டுக் கலைஞர்கள் கலந்துகொண்ட 'யூகே வெர்சஸ் தி வேர்ல்டு' போட்டியில் பான்ஜீனா களமிறங்கினார். ஒரு நாட்டுப் பதிப்பின் நடுவர் இருக்கையில் இருந்தவர் போட்டியாளராக வந்து நின்றது அதற்குமுன் நடந்ததில்லை. மூன்றாவது சீசன் 2024-ல்தான் வந்தது. அதில் வென்றவர் ஃபிராங்கி வோங்கா.

பழைய மேடை, புது விதிகள்

இந்த வடிவம் வெற்றுத் தரையில் வந்து இறங்கவில்லை. தாய்லாந்தின் மரபு நாடகங்களில் 'லகோன் நோக்' ஆண்கள் மட்டுமே நடித்த வடிவம். பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஏற்றார்கள். அரசவையின் 'லகோன் நை' பெண்களுக்கு உரியது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நான்காம் ராமா மன்னர் கட்டுப்பாட்டைத் தளர்த்தும்வரை, அரண்மனைக்கு வெளியே பெண்கள் மேடையேறுவது தடுக்கப்பட்டிருந்தது.

சுற்றுலா வளர்ந்த காலத்தில் இன்னொரு மேடை உருவானது. பட்டாயா நகரில் 1974-ல் 'டிஃபனி'ஸ் ஷோ', பின்னர் 'அல்கசார்', பாங்காக்கில் 'கலிப்ஸோ' எனக் காபரே அரங்குகள் எழுந்தன. தாய்லாந்தில் 'கத்தோய்' என்று அழைக்கப்படும் திருநங்கையருக்கு இந்த அரங்குகள் மாதச் சம்பளம் கொடுத்தன. அலுவலகங்களும் கடைகளும் வேலை கொடுக்கத் தயங்கிய காலத்தில் அது பெரிய ஆதாரம். திருநங்கையருக்கான 'மிஸ் டிஃபனி' போட்டி வீட்டுத் தொலைக்காட்சிவரை வந்தது. 2004-ல் தொடங்கிய 'மிஸ் இன்டர்நேஷனல் குயீன்' பல நாட்டுத் திருநங்கையரைப் பட்டாயாவுக்கு வரவழைக்கிறது.

இந்த மேடைகள் அனைத்துக்கும் ஓர் எல்லை உண்டு. காபரேயில் கலைஞர் வரிசையில் ஒருவர். அழகிப் போட்டியில் அவர் பார்க்கப்படுகிறார், அதிகம் பேசுவதில்லை. தொலைக்காட்சித் தொடர்களில் கத்தோய் பெரும்பாலும் கதாநாயகியின் சிரிப்பு மூட்டும் தோழி. டிராக் ரேஸ் கொண்டுவந்த மாற்றம் இங்கேதான் இருக்கிறது. போட்டியாளர் உடை தைக்கும்போதும், கண்ணாடி முன் ஒப்பனை இடும்போதும் கேமரா அருகில் இருக்கிறது. குடும்பம், பள்ளிக்கூடம், காதல் என்று அவர்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள். சிரிக்கவைக்கும் பாத்திரமாக மட்டும் காட்டப்பட்டவர்கள், முழு மனிதர்களாக ஒரு மணி நேரம் வீட்டுக்குள் வந்து அமர்கிறார்கள்.

முந்தியது எப்படி?

2018 மார்ச்சில் பிரிட்டிஷ் நாளிதழ் ஒன்றுக்குப் பேட்டியளித்த, மூல நிகழ்ச்சியை நடத்தும் ரூபால், உடல் மாற்றத்தைத் தொடங்கிவிட்ட திருநங்கைகளைத் தம் போட்டியில் சேர்ப்பது அநேகமாக இயலாது என்ற பொருளில் பேசினார். கடும் எதிர்ப்பு எழுந்தபின் வருத்தம் தெரிவித்தார். அதற்கு அடுத்த ஆண்டில்தான் பாங்காக்கில் ஆஞ்செல் அனாங் கிரீடம் சூடினார்.

இதில் தற்செயல் குறைவு. அமெரிக்காவில் டிராக் என்பது தன்பாலீர்ப்புள்ள ஆண்களின் மதுவிடுதிக் கலையாக வளர்ந்தது. அதனால் திருநங்கைக்கும் டிராக் கலைஞருக்கும் இடையில் கோடு போடும் பழக்கம் அங்கே இருந்தது. தாய்லாந்தில் பெண் வேட மேடையைப் பல பத்தாண்டுகளாகத் தாங்கி நின்றவர்களே கத்தோய்கள். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு அங்கே ஒரு டிராக் போட்டி நடத்துவது பொருளற்றது. எந்த நாட்டு வடிவமும் ஒரு மண்ணில் பிழைக்க வேண்டுமானால் அந்த மண்ணின் கலைஞர்களுக்கு இடம்விட வேண்டும். தாய்லாந்து அப்படி இடம் விட்டது.

திரைக்கு வெளியே

மூன்றாவது சீசன் தொடங்கிய அதே 2024 ஜூனில் தாய்லாந்து செனட் சமத் திருமணச் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23-ல் அது நடைமுறைக்கு வந்தது. தென்கிழக்கு ஆசியாவில் ஒருபால் திருமணத்தை ஏற்ற முதல் நாடு தாய்லாந்து. தைவான், நேபாளத்தை அடுத்து ஆசியாவில் மூன்றாவது.

ஆனால் பாலின அடையாளச் சட்டம் அங்கே இல்லை. ஒரு திருநங்கை எத்தனை கிரீடம் வென்றாலும் அவரது அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் 'திரு' என்றே இருக்கும். வங்கியிலும் மருத்துவமனையிலும் விமான நிலையத்திலும் தோற்றம் ஒன்றும் ஆவணம் வேறுமாக நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. 21 வயதில் ராணுவ ஆள்சேர்ப்புக்கு வந்து நிற்கும் கட்டாயமும் உண்டு. மருத்துவச் சான்று காட்டியே விலக்குப் பெற முடியும். பெயர் முன்னொட்டை மாற்ற வழிசெய்யும் ஒரு மசோதாவை 2024 பிப்ரவரியில் நாடாளுமன்றக் கீழவை நிராகரித்தது.

தொலைக்காட்சி நிகழ்ச்சி சட்டம் இயற்றாது. அதனிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. அது செய்யக்கூடிய வேலை, அறியாதவர்களைப் பற்றிய அச்சத்தைக் குறைப்பது. அதை டிராக் ரேஸ் தாய்லாந்து மனதாரச் செய்திருக்கிறது. மீதி வேலை அரசினுடையது. திருநங்கைக் கலைஞர்களின் மேடையைச் சுற்றுலாப் பயணிகளிடம் பெருமையாகக் காட்டும் ஒரு நாடு, அதே கலைஞர்களின் அடையாள அட்டையைத் திருத்தித் தர மறுப்பதில் நியாயம் இல்லை. திருமணச் சட்டத்தை நிறைவேற்றிய நாடாளுமன்றம் அடுத்ததாகக் கையில் எடுக்க வேண்டியது பாலின அடையாளச் சட்டத்தைத்தான்.