'லேட்டாத்தான் நடப்பான்' என்று காத்திருக்கலாமா? மூளை முடக்குவாதம்... பெற்றோர் கவனத்துக்கு!

"அவங்க அப்பனே ஒன்றரை வயசுலதான் நடந்தான். இவனும் லேட்டாத்தான் நடப்பான்!"

சேலையூர், தாம்பரம் வட்டாரம் என்றில்லை... குழந்தை உள்ள எல்லா வீடுகளிலும் கேட்கும் ஆறுதல் இது. பல குழந்தைகளுக்கு இது சரியாகவும் இருக்கும். ஆனால், 'செரிப்ரல் பால்சி' எனும் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு, காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் இழப்புதான்.

ஏன் வருகிறது?

கருவிலோ, பிரசவத்தின்போதோ, பிறந்த பிறகோ, வளரும் மூளையில் உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதி பாதிக்கப்படுவதால் வருகிறது. குறைப்பிரசவம், மிகக் குறைந்த எடை, ஆக்சிஜன் குறைபாடு, கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவை காரணமாகலாம். இது தொற்றாது, யார் செய்த பாவமும் அல்ல.

மூளையில் ஏற்பட்ட பாதிப்பு நாளடைவில் பெரிதாகாது. ஆனால், பயிற்சி இல்லாவிட்டால் தசைகள் இறுகி, மூட்டுகள் மடங்கிப்போகும். முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை என்பதால், பிசியோதெரபியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ, அவ்வளவு நல்லது.

இவற்றைக் கவனியுங்கள்!

* 4 மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை.
* 9 மாதமாகியும் தானாக உட்காரவில்லை.
* ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது.
* தூக்கினால் கால்கள் கத்தரிக்கோல்போல் பின்னிக்கொள்கின்றன.
* உடல் விறைப்பாகவோ, துவண்டோ இருக்கிறது.

இவற்றில் ஒன்று இருந்தாலே மூளை முடக்குவாதம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஆனால், டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

எங்கே செல்வது?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால், எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்குச் சென்றுவிடலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில், 2005-ல் தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. கோட்டூர்புரம் 'வித்யாசாகர்' 1985 முதல் இந்தக் குழந்தைகளுக்காக இயங்குகிறது.

பேச்சு வராவிட்டாலும் புரியும்!

சில குழந்தைகளுக்குப் பேச்சு வராததற்குக் காரணம், வாய்த் தசைகள் ஒத்துழைக்காததுதான். அறிவுத்திறன் குறைவில்லாதவர்கள் இவர்களில் ஏராளம். 'இவனுக்கு என்ன புரியும்?' என்று அவன் எதிரிலேயே பேசாதீர்கள். படங்களைத் தொட்டால் குரலாக மாற்றும் 'ஆவாஸ்' செயலி, சென்னையில் உருவானதுதான்.

40 சதவிகிதமோ அதற்கு மேலோ பாதிப்பு இருப்பதாகச் சான்று பெற்ற 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு, வீட்டருகே உள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை 2016-ம் ஆண்டுச் சட்டம் தருகிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் அப்படியொரு குழந்தை இருந்தால், உங்கள் பிள்ளையை விளையாட அனுப்புங்கள்.